முந்திரிகைக்கு ஒரு நீதி, மூடிய அலுமாரிக்கு ஒரு நீதி

மூன்று நாள்களாகச் சுன்னாகத்தில் சூரியனைக் காணவில்லை. மார்கழி மாரி ஓட்டுக்கூரையில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கிறது. முற்றத்துச் செம்மண் குழைந்து, வைத்த செருப்பை விட மறுக்கிறது. புத்தகங்களின் முதுகில் பூஞ்சணம். மின்சாரம் காலை 9 மணிக்கே போய்விட்டது. மின்நிலையத்தை ஊருக்குள்ளேயே வைத்திருக்கும் சுன்னாகத்தவருக்கு அது பழகிப்போன பகிடி.

இப்படியொரு பிற்பகலில், விறாந்தையிலுள்ள சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, ஒரு சிறிய கிளாஸில் சிவப்பு வைன் அருந்திக்கொண்டிருந்தேன். பிரான்ஸிலிருந்து வந்த வைன் அன்று. நமது செபமாலைக் கன்னியர் தயாரித்து விற்கும் ரொசெற்றோ. கறுவாவும் கராம்பும் கலந்த இனிப்பான வைன். அடுப்பில் இலேசாகச் சூடாக்கியிருந்தேன். கொதிக்க விடக்கூடாது, மதுசாரம் 78 பாகையிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும், மணமும் கூடவே போய்விடும். இளஞ்சூட்டில் ஒரு மிடறு தொண்டையில் இறங்கும்போது, மூன்று நாள் ஈரமும் எலும்பிலிருந்து வெளியேறுவது போல ஓர் உணர்வு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அப்போதுதான் மழைக்கு ஒதுங்கி, அயலிலுள்ள ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"உதென்ன தம்பி, பட்டப்பகலிலை?"

"வைன், மாஸ்ரர். எங்கட முந்திரிகை வைன். உங்களுக்கும் கொஞ்சம் விடட்டே?"

"சிவ சிவா! திருவெம்பாவைக் காலத்திலை! நீர் நாலு பேர் மதிக்கிற பத்திரிகைக்காரன். றோட்டாலை போறவன் காண இப்பிடி இருக்கலாமே?"

மாஸ்ரர் நல்ல மனிதர். அவரிடம் படித்தவர்கள் இன்று நான்கு கண்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் கொண்டுவந்து கொடுக்கும் ஸ்கொட்லாந்து விஸ்கிப் போத்தல் மாஸ்ரரின் அலுமாரியில், வேட்டிகளுக்குப் பின்னால், பூட்டப்பட்டு இருக்கிறது என்பதை நானும் அறிவேன், ஊரும் அறியும். அதிலிருந்து இரவு 8 மணிக்குப் பின் ஒரு மூடி, 'இருமலுக்கு'. நான் அதை அவருக்கு நினைவூட்டவில்லை. வீடு தேடி வந்த பெரியவரிடம் அப்படிப் பேசும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் அவர் உதிர்த்த கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. 'றோட்டாலை போறவன் காண' என்றார். நான் குடித்தது அவருக்குக் குறையாகப் படவில்லை. மறைக்காமல் குடித்ததும், அதுவும் உள்ளூர்ச் சரக்கைக் குடித்ததுமே குறை.

யாழ்ப்பாணத்தின் மதுவொழுக்கம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதன் முழுச் சாரமும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. அதைத்தான் இங்கு மறுக்க விரும்புகிறேன். 1930 இல் நா. பொன்னையா ஈழகேசரியைத் தொடங்கிய ஊரிலிருந்து எழுதுகிறேன். சொல்ல வேண்டியதை விழுங்கிக்கொள்வது இந்த ஊரின் மரபன்று.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். முந்திரிகை என்று நாங்கள் அழைப்பதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் திராட்சை என்று படித்துக்கொள்க. 'வைன் ஸ்ரோர்ஸ்' என்ற பலகை குடாநாட்டின் பல சந்திகளில் தொங்குகிறது. உள்ளே போய் வைன் கேட்டால் தட்டில் தூசி படிந்து இரண்டொரு போத்தல் இருந்தால் அதிர்ஷ்டம். அங்கே விற்பனையாவது சாராயமும் கடும் பியரும். பலகைக்கு மட்டும் வைன் என்ற கௌரவமான பெயர் வேண்டும். பண்டத்துக்கு நாம் கொடுக்காத மரியாதையை அதன் பெயருக்குக் கொடுத்திருக்கிறோம்.

அண்மையில் ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் உறவினர்கள் சிலர் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நத்தார்ச் சந்தையில், பனித்தொப்பியும் கையுறையுமாக, ஆவி பறக்கும் குவளைகளை ஏந்தி நிற்கிறார்கள். குவளையில் இருப்பது குளூவைன். சிவப்பு வைனில் கறுவாவும் கராம்பும் தோடம்பழத்தோலும் சீனியும் இட்டுச் சூடாக்கிய பானம். படங்களைக் கண்ட ஊரிலுள்ள பெரியம்மாமார் 'நல்லாயிருக்கு பிள்ளையள்' என்று வாழ்த்துகிறார்கள். அதே கறுவா, அதே கராம்பு. சொல்லப்போனால் கறுவா நம் தீவிலிருந்து அங்கே போனது. அந்தக் குவளை பேர்லினில் இருந்தால் பண்பாடு. சுன்னாகத்து விறாந்தையில் இருந்தால் சீர்கேடு. இந்தக் கணக்கை எனக்கு யாராவது விளக்க வேண்டும்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்' என்பது அடுத்த வாதம். சுன்னாகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கந்தரோடை இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போல் பீரிஸ் அங்கே ஆராய்ந்தபோது உரோம நாணயங்களும் கிடைத்தன. யவனர் நற்கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் பெய்து உண்ணுமாறு பாண்டியனை வாழ்த்துகின்ற நக்கீரரின் பாடல் புறநானூற்றில் 56 ஆவதாக இருக்கிறது. அந்த நக்கீரரைச் சங்கப் புலவர் என்று பாடசாலையில் படிப்பித்தவரே மாஸ்ரர்தான். (வெளிநாட்டுப் போத்தல் மீதான மோகம் இரண்டாயிரம் ஆண்டுப் பழையது என்பதற்கும் அதே பாடல் சான்று என்று அவர் என்னை மடக்கக்கூடும். மடக்கினால் ஒப்புக்கொள்வேன்.)

நிற்க. குடியைப் புகழ்ந்து எழுதுகிறான் என்று யாரும் அவசரப்பட வேண்டாம்.

என்னோடு ஒரே மேசையிலிருந்து செய்தி திருத்திய நண்பர் ஒருவர் நாற்பத்தெட்டாவது வயதில் ஈரல் பழுதடைந்து இறந்துபோனார். கொப்பித்தாளில் பத்திரிகை அச்சிட்ட பொருளாதாரத் தடைக் காலத்தையும், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வையும், அதன் பின்னான ஊரடங்கு இரவுகளையும் ஒன்றாகக் கடந்தவர்கள் நாங்கள். பக்கங்கள் அச்சுக்குப் போனபின் நள்ளிரவில் அவர் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போவார். கால் போத்தல் சாராயம், தண்ணீர் கலவாமல், நின்றபடியே, இரண்டு நிமிடத்தில். பிறகு பாக்கு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். பதினெட்டு ஆண்டுகளில் அவர் குடித்ததை மனைவி ஒரு நாளேனும் கண்டதில்லை. செத்தவீட்டில், 'அவர் அப்பிடி ஆளில்லையே' என்று அந்த அம்மையார் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் இன்னும் கேட்கிறேன்.

அவர் வைன் குடித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்று 1990களில் உலகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. நானும் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை எழுதிய பாவி. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகக் கூறிவிட்டது. அதை மறுக்க எனக்குத் தகுதியில்லை. குடியால் சிதைந்த குடும்பங்கள் இந்த மண்ணில் ஏராளம். அதற்குப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை, எந்த ஒழுங்கையிலும் ஒரு வீடு இருக்கிறது. ஒருவர் மதுவே வேண்டாம் என்று வாழ்ந்தால், அலுமாரியிலும் வேண்டாம் என்று வாழ்ந்தால், அவருக்கு முன் எனது கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பேன். எனது வழக்கு அவரோடு அன்று. 'காண' என்ற சொல்லை மட்டும் கட்டிக்காத்து, 'குடி' என்ற சொல்லைத் தப்பவிட்ட ஒழுக்கத்தோடுதான் வழக்கு. அந்த ஒழுக்கம் என் நண்பருக்குக் கற்றுக்கொடுத்தது விரைவாகவும் கடுமையாகவும் தனிமையாகவும் குடிப்பதை மட்டுமே.

இந்த ஒழுக்கத்துக்குச் சாதி முகமும் உண்டு. எழுதினால் பலருக்குக் கசக்கும். பிளாவில் கள்ளுக் குடிப்பவன் குடிகாரன். கண்ணாடிக் கிளாஸில் ஐஸ்கட்டியோடு குடிப்பவன் 'சோஷல்'. தவறணைக்குப் போவது இழிவு. ஹோட்டல் 'பார்' நாகரிகம். ஆபத்தான தொழில் செய்து பனையிலிருந்து கள் இறக்குபவனின் பிள்ளையைப் பள்ளியில் எப்படி அழைத்தோம் என்பதை எனது தலைமுறை மறந்திருக்க முடியாது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தை எதிர்த்தெழுந்த மதுவிலக்கு இயக்கம் தென்னிலங்கையில் தேசியத் தலைவர்களை உருவாக்கியது. அதே காலத்து மேட்டுக்குடிகள் பலரின் செல்வத்தின் வேர் சாராயக் குத்தகையில் இருந்தது என்பதைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக எழுதியிருக்கிறார். விற்றவன் சீமான், இறக்கியவன் தீண்டத்தகாதவன் என்ற இந்த ஏற்பாட்டில் வடக்குத் தெற்கு வேறுபாடு இல்லை.

தமிழ்நாடும் விலக்கன்று. 1987 முதல் அங்கே கள் இறக்குவது தடை. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசே டாஸ்மாக் மூலம் நடத்துகிறது. மரம் ஏறுபவனின் பானம் குற்றம். ஆலை முதலாளியின் பானம் அரச வருவாய்.

சட்டத்துக்கு வருவோம். 1912 கட்டளைச் சட்டம் நூறாண்டைத் தாண்டியும் நம் தலைமேல் இருக்கிறது. அனுமதிப்பத்திரமின்றி ஒரு விவசாயி தன் முந்திரிகையைப் பானையில் நொதிக்கவிட்டால் அது குற்றம். மறுபுறம், 2024 ஆம் ஆண்டில் மட்டும் வழங்கப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. வடக்கு மாகாணமும் அப்பட்டியலில் தாராளமாக இடம்பெற்றிருந்தது. போத்தல் விற்க அனுமதி மழையாகப் பொழிகிறது. பழம் பயிரிடுபவனுக்கு ஒரு துளியும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. பெண்கள் மதுபானம் வாங்குவதற்கு 1979 முதல் இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். ஒரு வாரம் முடியுமுன் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பிப் போட்டார். என் கிளாஸில் இருப்பதோ கன்னியாஸ்திரிகள் தயாரித்த வைன்.

இந்த வைனின் வரலாறு தனியாக எழுதத்தக்கது. 1928 இல் தோமஸ் அடிகள் தோலகட்டியில் செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தைத் தொடங்கினார். செபமும் உழைப்புமே அங்குள்ளோரின் வாழ்வு. பின்னர் பெண்களுக்கான சபையும் உருவாயிற்று. தோலகட்டி நெல்லிரசம் என்றால் குடாநாட்டில் தெரியாத வீடு இல்லை. சைவ வீடுகளிலும் காய்ச்சல்காரருக்கு அதைத்தான் கரைத்துக் கொடுத்தார்கள். 1990 இல் போர் வலிகாமம் வடக்கை வெறுமையாக்கியபோது அந்தப் பகுதியும் மக்களின்றிப் போனது. வேலியும் காவலரணும் வந்தன. ஆனாலும் துறவிகள் அந்தக் கைத்தொழிலைக் கைவிடவில்லை. இத்தனை இடப்பெயர்வுகளுக்குப் பின்னும் ஒரு போத்தலுக்குள் தொடர்ச்சி என ஒன்று மிஞ்சியிருக்கிறதென்றால், அதைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள்மீது எனக்குச் சந்தேகம் வருகிறது.

அந்தத் தொடர்ச்சியின் மறுமுனையில் நிற்பவர் முந்திரிகைத் தோட்டக்காரர். 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது மிளகாயும் வெங்காயமும் போல முந்திரிகையும் நம் தோட்டக்காரர்களின் கையில் காசு புழங்கச் செய்தது. கூடை கூடையாக ரயிலேறிக் கொழும்புக்குப் போனது. திறந்த பொருளாதாரம் வந்தது, பின் போர் வந்தது, ரயில் நின்றது. 2014 இல் ரயில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டபோது சந்தையில் வெளிநாட்டு முந்திரிகை பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருந்தது.

எனது வளவுக்குப் பின்னால் இரண்டு பரப்பில் பந்தல் போட்டிருப்பவர் இஸ்ரேல் புளூ என்ற இனத்தை வளர்க்கிறார். கொடியை வெட்டி ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை பழுக்கும். மாரிக்குள் பழம் அகப்படாதபடி கணக்குப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். ஆனால் அண்மைய ஆண்டுகளில் மழை நாட்காட்டி பார்ப்பதில்லை. பழுக்கும் நேரத்தில் இரண்டு நாள் அடித்தால் போதும், பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தைச் சந்தையில் கையாலும் தொடமாட்டார்கள். நல்ல பழத்துக்கும் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ 'கழிவு' என்று நிறுவையில் கழிக்கும் வழக்கம் குடாநாட்டுச் சந்தைகளில் எத்தனை போராட்டத்துக்குப் பின்னும் முழுதாக ஒழியவில்லை. நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுன்னாகக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிணற்றுக்கு அதிகபட்சம் 40,000 ரூபா. தண்ணீரின் பெறுமதி அவ்வளவு.

இந்தத் தோட்டக்காரருக்குப் போர்டோ என்ற சொல் நன்கு தெரியும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூஞ்சண நோய்க்கு அடிக்கும் 'போர்டோ கலவை'. அது 1880களில் பிரான்ஸின் போர்டோ மாவட்டத்து முந்திரிகைத் தோட்டங்களில் பிறந்தது என்பதும், அந்த ஊர் உலகப் புகழ் பெற்றது வேறொரு கலவையால் என்பதும் அவருக்குத் தெரியாது. போர்டோவின் சிவப்பு வைன் பெரும்பாலும் ஒரே பழத்தால் ஆனதன்று. மெர்லோ முந்திப் பழுக்கும். கபெர்னே சோவிஞ்ஞோன் பிந்திப் பழுக்கும். அத்திலாந்திக் கரையோரம், நம்மைப் போலவே மழைக்குப் பயந்த ஊர். ஒன்று மழையில் அகப்பட்டால் மற்றொன்று கைகொடுக்கும். சீமான்கள் கிளாஸைச் சுழற்றி முகர்ந்து வியக்கும் அந்தக் 'கலவை' முதலில் ஒரு விவசாயியின் பயத்துக்கான மருந்து. பழத்துக்குள் கொப்பளித்துக்கொண்டிருக்கும் நட்டத்தை அவன் பீப்பாய்க்குள் அடைத்து அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போகிறான். சந்தையில் அன்றே விற்றாக வேண்டிய கட்டாயத்திலிருந்து அவனை விடுவித்தது அதுதான்.

நமது தோட்டக்காரருக்கு அந்த வழியில் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது: மருந்து மட்டும்.

இது நடக்காத காரியமன்று. மகாராஷ்டிர அரசு 2001 இல் முந்திரிகை பதனிடுதலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, வரிச்சலுகை கொடுத்து, நாசிக் விவசாயிகளின் பழத்துக்குப் புதிய வழி திறந்தது. கேரளம் 2022 இல் உள்ளூர்ப் பழங்களிலிருந்து குறைந்த மதுசாரமுள்ள வைன் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு விதிகள் வகுத்தது. இங்கே பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் 1970களிலிருந்து இருக்கின்றன. கள்ளைப் போத்தலில் அடைக்கவும் திக்கத்தில் வடிக்கவும் பழகியவர்கள் இருக்கிறார்கள். மதுவரித் திணைக்களம் அந்தச் சங்கங்களுக்கும் முந்திரிகைச் செய்கையாளர் சங்கங்களுக்கும் சிறு பழவைன் அனுமதி வழங்கட்டும், மதுசார அளவுக்கு வரம்பு விதிக்கட்டும், சோதிக்கட்டும், வரி எடுக்கட்டும். சந்திக்குச் சந்தி திறக்கப்படும் சாராயக் கடைக்கு ஒரு கையெழுத்துப் போதுமென்றால் இதற்கு நூறாண்டு ஏன் வேண்டும்? 'இளைஞர் கெட்டுப்போவர்' என்று மேடையில் முழங்குவோர், இளைஞன் எதைக் குடித்துக் கெடுகிறான் என்று சந்தியில் போய் ஒரு மாலை நின்று பார்க்கட்டும். அவன் கையில் முந்திரிகை வைன் இருக்கக் கண்டால் எனக்கும் அறியத் தரட்டும்.

மாஸ்ரர் மழை விடும்வரை இருந்தார். தேநீர் குடித்தார். போகும்போது, "குறை விளங்காதையும் தம்பி, உள்ளுக்கை இருந்து குடிச்சால் நல்லது" என்று அன்போடுதான் சொன்னார்.

பொழுதுபட, பின்வளவுத் தோட்டக்காரர் வாய்க்கால் வெட்டிவிட்டு மண்வெட்டியோடு வந்தார். பந்தலில் பாதியைப் பிடுங்கிவிட்டுப் புகையிலை வைக்கலாமோ என்று யோசிக்கிறாராம். புகையிலைக்கு விலை இருக்கிறதாம். அதை யாரும் ஒழுக்கக்கேடு என்று சொல்வதுமில்லை. போத்தலில் மிஞ்சியிருந்ததை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். முப்பது ஆண்டுகளாக முந்திரிகை வளர்ப்பவர், முந்திரிகை வைனை வாயில் வைத்தது அதுவே முதல் தடவை. கிளாஸை உயர்த்தி மங்கிய வெளிச்சத்தில் நிறம் பார்த்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

"கராம்பு வடிவாத் தெரியுது அண்ணை," என்றார். "சீனி கூடிப்போச்சு. பழத்தைத்தான் காணேல்லை. எங்கட பழமெண்டால் இன்னும் கொஞ்சம் புளிக்க வேணும்."